வழக்காடும் உரிமையும் விரிவுரை மேடையும்

சென்னையிலோ கொழும்பிலோ சட்டம் பயின்று சிட்னியின் மேற்கே பிளாக்டவுனில் குடியேறியவர், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வழக்குரைஞராக அனுமதி பெற்ற பின்னரே அங்குள்ள பல்கலைக்கழகங்களில் சட்டம் கற்பிக்க இயலும் என்று கருதுவதுண்டு. இது பிழையான நம்பிக்கை. பல ஆண்டுகளை வீணாக்கக்கூடியதும் ஆகும். அனுமதி என்பது தொழில் நடத்துவதற்கான தகுதியாகும். அதனை நாடுவோரின் வெளிநாட்டுப் பட்டத்தை மாநிலச் சட்டத்தொழில் அனுமதி வாரியம் பாடவாரியாக மதிப்பிட்டு, ‘பிரீஸ்ட்லி 11’ எனப்படும் கட்டாயப் பாடங்கள் பதினொன்றில் குறைவுள்ளவற்றைப் பயிலுமாறு பணிக்கிறது. செய்முறைப் பயிற்சியும் ஆங்கிலத் தேர்ச்சியும் அவற்றோடு சேரும்.

பல்கலைக்கழகம் நாடுவதோ முனைவர் பட்டத்தையும் ஆய்வு வெளியீடுகளையும் ஆகும். கற்பிக்கும் பட்டத்தைவிட ஒரு படி உயர்ந்த தகுதியோ அதற்கு நிகரான அனுபவமோ ஆசிரியருக்கு வேண்டும் என்பது ஆஸ்திரேலிய உயர்கல்வித் தரநிலைகளின் பொதுவிதி. எனவே பாரமட்டாவில் சட்டம் கற்பிக்கும் மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகம் போன்றவற்றை இலக்காகக் கொண்டவர் முதலில் தேட வேண்டியது, தம் ஆய்வுத் துறையில் தேர்ந்த நெறியாளரையே ஆகும். சாட்சியச் சட்டம், வழக்கு நடைமுறை போன்ற பாடங்களுக்கு மட்டும் உள்ளூர்த் தொழில் அனுபவம் பெரிதும் துணைபுரியும்.

தாய்நாட்டில் கற்ற சட்டம் இங்கே செல்லாக்காசு என்னும் எண்ணத்தை வரலாறே மறுக்கிறது. இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியாயிருந்த கிறிஸ்டோபர் வீரமந்திரி, அந்நாட்டு ஒப்பந்தச் சட்டம் குறித்த விரிவான நூலை 1967இல் வெளியிட்டவர். 1972இல் மெல்பேர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1991இல் சர்வதேச நீதிமன்ற நீதிபதியானார். ஈழத்தமிழரான முத்துக்குமாரசுவாமி சொர்ணராஜா, இலங்கையில் பெற்ற சட்டப் பட்டத்தோடு யேல், லண்டன் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு முடித்து, டாஸ்மேனியாவிலும் பின்னர் சிங்கப்பூரிலும் கற்பித்தார். அந்நிய முதலீட்டுச் சட்டம் குறித்து 1994இல் வெளிவந்த அவரது நூல், முதலீட்டைப் பெறும் வளரும் நாடுகளின் நியாயத்தையும் அத்துறையின் விவாதத்தில் உறுதியாக நிறுத்தியது. அவர்கள் விட்டுவந்த நாட்டின் சட்ட அனுபவம், மறைக்க வேண்டிய குறையாக இராமல், ஆய்வுக்குரிய முதலாகவே அமைந்தது.

முனைவர் பட்டம் கிடைத்தவுடன் நிரந்தரப் பணி உறுதி என்பதும் மெய்யன்று. தொடக்கத்தில் பருவந்தோறும் புதுப்பிக்கப்படும் தற்காலிக வகுப்புகளே பலருக்கும் வாய்க்கின்றன. துணை விரிவுரையாளர் முதல் பேராசிரியர் வரை ஐந்து படிநிலைகள் உள்ளன. வருமானம் நிலையற்ற அக்காலத்தைக் குடும்பம் தாங்குமா என்பதை ஆய்வில் சேர்வதற்கு முன்பே கணக்கிடுதல் நன்று. ஆய்வுக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஈடுசெய்யும் அரசு நிதியுதவி, போட்டியில் தேர்வாகும் வெளிநாட்டு மாணவர்க்கும் உண்டு.