பழைய கணினியும் புதிய இயங்குதளமும்



2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளன்று மைக்ரோசாப்ட் நிறுவனம், விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்குத் தான் அளித்து வந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதன்பின் நம் பள்ளிக்கு வந்த பெற்றோர் பலர் ஒரே வினாவை எழுப்பினர். "வீட்டில் இருக்கும் மடிக்கணினி இனி உதவாதாம், ஐயா. கடையில் புதிதுதான் வாங்க வேண்டும் என்கிறார்கள். உண்மைதானா?" என்பதே அவ்வினா. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பிள்ளைகள் இல்லிருப்புக் கற்றலுக்கு உட்பட்ட காலத்தில், கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் பழைய மடிக்கணினியேனும் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் மேருவிலும் காப்பாரிலும் உண்டு என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கு இது சிறிய வினாவன்று. ஆதலின், இவ்வாண்டு மலரில் இதனையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் இயங்குதளம் யாது எனக் காண்போம். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டு, இன்னார்க்கு இன்ன வேலை, இன்ன வெளி எனப் பிரித்துக் கொடுப்பதைப் பெரியோர் அறிவர். கணினிக்குள் அப்பணியைச் செய்வதே இயங்குதளம். எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பு தட்டில் எவ்விடத்தில் என்பதையெல்லாம் அதுவே பதிவேட்டில் வைத்துக்கொண்டு பகிர்ந்தளிக்கிறது. ஆதரவு நின்றது என்றால் கணினி மறுநாள் நின்றுவிடும் என்பது பொருளன்று. திருடர் புகும் ஓட்டைகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும்போது அவற்றை அடைத்துத் தருவார் இல்லை என்பதே பொருள். வீட்டுப் பயனர்க்கென 2026 அக்டோபர் 13 வரை அத்தகைய திருத்தங்களை நீட்டித்துத் தரும் ஏற்பாடு ஒன்றையும் அந்நிறுவனம் அறிவித்தது.

அடுத்த தளமாகிய விண்டோஸ் 11, 2021 அக்டோபரில் வெளிவந்தது. விண்டோஸ் 10 முறையாக உள்ள கணினிக்கு அதனை ஏற்றக் கட்டணம் இல்லை. ஆனால் அது சில தகுதிகளைக் கேட்கிறது: 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு, பாதுகாப்பான தொடக்கத்திற்கு இடந்தரும் அமைப்பு முதலியன. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவுமே ஏற்கப்படுகின்றன. சில கணினிகளில் அச்சில்லு இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது தோன்றும் அமைப்புப் பக்கத்தில் அதனைத் திறந்துவிட்டாலே போதும். "தகுதியில்லை" என்ற ஒரு வரியைத் திரையில் கண்டவுடன் கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாகாது.

நிற்க. பெற்றோரிடம் நாம் உசாவியபோது, அவர்தம் உண்மையான குறை இயங்குதளத்தைப் பற்றியதே அன்று. "திறந்தால் வர ஐந்து நிமிடம் ஆகிறது, பிள்ளை அதற்குள் தூங்கிவிடுகிறான்" என்பதே பலர் குறை. இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் கணினியின் மூளையன்று, வன்தட்டே ஆகும்.

வன்தட்டின் உள்ளே பளபளப்பான வட்டத் தகடுகள் சுழன்றுகொண்டிருக்கும். பழைய இசைத்தட்டின் மேல் ஊசி ஓடுவதைப்போல ஒரு கை அவற்றின்மேல் அசைந்து, காந்தப் பதிவுகளைப் படிக்கும். ஆனால் அதன் முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் உருவாக்கிய முதல் வன்தட்டில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகளையே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இவ்விடத்தில் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்க. மடிக்கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அப்படியானால் வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், வினாடியை ஆயிரமாக வகுத்தால், ஏறத்தாழ 11 பங்கு. வேண்டிய பதிவு முனையின்கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கை இடம்விட்டு இடம் நகர்வதற்கு மேலும் பத்துப் பதினொரு பங்கு ஆகும். ஆக, ஓர் இடத்தைத் தேடிப் படிக்க ஏறத்தாழ 16 பங்கு. ஒரு வினாடியில் 60 இடங்களைத்தான் தேட முடியும். கணினி எழும்போது தட்டில் சிதறிக் கிடக்கும் 18,000 இடங்களைப் படிக்க வேண்டுமென வைத்துக்கொள்வோம். விடை 300 வினாடி. அதாவது ஐந்து நிமிடம்! பிள்ளை தூங்கிவிடுவதில் வியப்பில்லை.

சிதறல் என்றோம். பால்மரம் வெட்டியவர்க்கு அதனை எளிதில் விளக்கலாம். ஒருவருக்குக் கொடுத்த மரங்கள் எல்லாம் அடுத்தடுத்த நிரைகளில் இருந்தால் வெட்டு விரைந்து முடியும். அதே எண்ணிக்கை மரங்களை இந்த வெளியில் பத்து, மேட்டுக்கு அப்பால் இருபது, ஆற்றோரம் ஐந்து எனக் கொடுத்தால், அவர் வெட்டுவதினும் நடப்பதே மிகுதி. கோப்புகளை எழுதி, அழித்து, மீண்டும் எழுதும்போது வன்தட்டிலும் இதுவே நிகழ்கிறது. ஒரே கோப்பின் துண்டுகளை அடுத்தடுத்து அமையுமாறு சேர்த்து வைப்பதே தட்டுச் சீரமைப்பு. விண்டோஸ் இதனை வாரந்தோறும் தானே செய்துகொள்ளும். இதற்கெனத் தனி மென்பொருள் விற்போரிடம் ஏமாற வேண்டா. தட்டில் ஐந்தில் ஒரு பங்கேனும் காலியாக விடுவதும், கணினி எழும்போதே தாமும் எழுந்து நிற்கும் வேண்டாத மென்பொருள்களைத் தொடக்கப் பட்டியலினின்று நீக்குவதும் நன்மை தரும். நினைவகம் குறைவாயின் இயங்குதளம் வன்தட்டையே நினைவகமாகக் கொண்டு ஓயாது எழுதும்; அதனாலும் தாமதம் நேரும்.

இவையாவும் செய்தும் பயன் ஓரளவே. உற்ற மருந்து திடநிலை வட்டு. கடைகளில் எஸ்.எஸ்.டி. என்றால் எடுத்துத் தருவர். அதில் சுழலும் தட்டும் இல்லை, அசையும் கையும் இல்லை, எல்லாம் சில்லுகளே. ஓர் இடத்தைப் படிக்க வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு, ஏறத்தாழ அதில் பத்தில் ஒன்று. மேற்சொன்ன 18,000 இடங்களுக்கு இரண்டு வினாடிகூட ஆகாது. வேறு வேலைகளும் சேர்ந்து கணினி எழ அரை நிமிடம் ஆகலாம். இவ்வட்டிற்குச் சிதறல் ஒரு பொருட்டன்று. ஆதலால் அதற்குத் தட்டுச் சீரமைப்புச் செய்தல் கூடாது. ஏன்? சிலேட்டில் ஒரு வரியை மட்டும் விரலால் அழித்து எழுதுகிறோம். திடநிலை வட்டில் அது இயலாது. ஒரு தொகுதி முழுவதையும் துடைத்த பின்னரே மீண்டும் எழுத முடியும். துடைத்தலுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. எந்தப் பக்கம் இனி வேண்டாதது என்று இயங்குதளம் வட்டுக்கு அறிவித்து வைக்கும் முறையை டிரிம் என்பர். அதுவும் தானே நடப்பதுதான். நாம் செய்ய வேண்டியது வட்டை நிரப்பிவிடாமல் இருப்பதே.

இம்மாற்றம் நம் கிள்ளான் பள்ளத்தாக்கையும் தொட்டது. பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவேயில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் வன்தட்டுத் தொழிற்சாலை பல்லாண்டுகள் இயங்கியது. 2018 ஜூலையில், கணினிகளுக்கான வன்தட்டுத் தேவை குறைந்து வருவதைக் காரணங்காட்டி, 2019 இறுதிக்குள் அதனை மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதே வேளையில் பினாங்கில் திடநிலை வட்டுகளுக்கான இரண்டாவது தொழிற்சாலையைத் தொடங்கிக்கொண்டிருந்தது. அங்குப் பணிசெய்து வேலையிழந்த உறவினர் நம் வாசகர் சிலர்க்கு இருக்கக்கூடும். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததைக் கண்ட நம் பெரியோர்க்கு இது புதிய கதையன்று.

இனி, நம் பள்ளியில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அலுவலகத்தில் கணினிகள் இரண்டு. ஒன்று 2012இல் வாங்கியது. மற்றொன்று 2019இல் வாங்கியது. ஆண்டிறுதி விடுமுறையில் மலர்க் குழுவினராகிய நாங்கள் இரண்டையும் புதுப்பிக்க முற்பட்டோம். புதியது தகுதி பெற்றிருந்தது. ஆதலின் நூறு வெள்ளிக்குச் சற்று மேற்பட்ட விலையில் ஒரு திடநிலை வட்டை வாங்கிப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11ஐ நிறுவினோம். கோப்புகளை முன்னதாகவே பென்டிரைவில் படியெடுத்திருந்தோம். எல்லாம் செம்மையாக முடிந்ததென மகிழ்ந்து, 1998ஆம் ஆண்டு மலரின் கோப்பைத் திறந்தோம். தமிழே இல்லை! வரிசை வரிசையாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நின்றன.

பிழை எங்களுடையதே. முத்து நெடுமாறன் 1985இல் நம் நாட்டில் முரசு மென்பொருளை உருவாக்கிய காலந்தொட்டு, தமிழைக் கணினியில் ஏற்றுதற்குப் பலர் பல வழிகளைக் கண்டனர். ஒவ்வொரு மென்பொருளும் தன் எழுத்துருவில் தமிழ் எழுத்துகளைத் தனக்குரிய இடங்களில் அமர்த்திக்கொண்டது. ஒன்றின் 'அ' மற்றொன்றில் வேறோர் எழுத்து. அந்தந்த எழுத்துரு கணினியில் இருந்தாலன்றி அக்கோப்பைப் படிக்க இயலாது. யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 லதா என்னும் எழுத்துருவோடு அதனைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் தட்டச்சானவை பழைய எழுத்துருவை நம்பியே வாழ்கின்றன. நாங்கள் கோப்புகளைப் படியெடுத்தோம். எழுத்துருக்களைப் படியெடுக்க மறந்தோம்.

நல்லூழாக, கழற்றிய வன்தட்டை எறியாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தோம். அதனை வெளியிணைப்பாக மாட்டி எழுத்துருக் கோப்புறையைத் தேடும்போது, 'டிக், டிக்' என்னும் ஒலி எழலாயிற்று. இவ்வொலி கேட்டால் தட்டு இறக்கும் தறுவாயில் உள்ளது என்று கொள்க. அந்நிலையில் சீரமைப்பு, சோதனை, புது இயங்குதளம் எதனையும் அதன்மேல் ஏவலாகாது. மிக வேண்டிய கோப்பை முதலில் எடுக்க வேண்டும். எழுத்துருக்களை முதலில் எடுத்தோம். பின் தோட்டத்துப் பள்ளிக் காலத்து நிழற்படங்களை எடுத்தோம். மூன்றாம் கோப்புறையில் பாதி வருகையில் தட்டு வாயடைத்துப் போயிற்று. எடுத்த எழுத்துருக்களைக் கொண்டு பழைய மலர்களைத் திறந்து, குறிமாற்றி ஒன்றின் துணையால் யூனிகோடாக மாற்றி, ஒற்றுப் பிழைகளைக் கையால் திருத்தி வருகிறோம்.

ஆதலின் பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை இதுவே. முதலில் படியெடுத்தல்: வெவ்வேறு இடங்களில் இரண்டு படிகள், எழுத்துருக்கள் உட்பட. கணினியில் தட்டு பூட்டுக் குறியீட்டில் இருந்தால், அதனை மீட்கும் நீண்ட எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க. அவ்வெண் இல்லையேல் தன் வீட்டுக்குத் தானே திருடனாக நிற்க நேரும். அடுத்துத் தட்டின் உடல்நலச் சோதனை. அதன்பின்னரே வட்டு மாற்றமும் இயங்குதளமும். கடையில் கொடுப்போர், "உள்ளே இருப்பதை அழிக்கலாமா?" என்று கேட்டால், படி கையில் இருந்தாலொழியத் தலையசைக்க வேண்டா.

2012ஆம் ஆண்டுக் கணினியின் செயலியை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. குறுக்கு வழியில் ஏற்றுவோரும் உளர். திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்னும் உறுதி அதில் இல்லாமையால் அவ்வழியை நாங்கள் நாடவில்லை. பின்லாந்து மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், விலையின்றிக் கிடைக்கும் தளம். ஒரு சிறிய திடநிலை வட்டில் அதனை நிறுவினோம். கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவி வழியே திறப்பதாகையால் மாணவர் பாடத்திற்குக் குறையேதும் இல்லை. யூனிகோடு தமிழும் நன்கு தெரிகிறது. முன்பு ஆறு நிமிடம் எடுத்த அப்பெட்டி இப்போது பள்ளி மணி அடித்து ஓய்வதற்குள் எழுந்துவிடுகிறது. சில அரசாங்கப் படிவங்களும் பழைய அச்சுப்பொறியும் மட்டும் அதனோடு ஒத்துழைக்க மறுக்கின்றன. அவற்றிற்கு மற்றக் கணினியைப் பயன்படுத்துகிறோம். வீட்டில் ஒரே கணினி உடையோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வாயடைத்த வன்தட்டில் இருந்து மீளாதது 2001ஆம் ஆண்டு மலர். அவ்வாண்டில் பயின்றவர் இன்று பெற்றோராக இருப்பர். அம்மலரின் அச்சுப் படி எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருப்பின், அருள்கூர்ந்து பள்ளி அலுவலகத்தில் கொடுத்துதவுக. படியெடுத்து, ஒரு வாரத்திற்குள் பழுதின்றித் திருப்பித் தருவோம்.