வெள்ளை ரிப்பனும் உதிரிப்பூக்களும்

நம் மாணவிகளின் இரட்டைச் சடையில் ரிப்பன் சீருடையின் ஒரு பகுதி. மைக்கேல் ஹனேகே இயக்கிய ‘வெள்ளை ரிப்பன்’ (2009) என்ற ஜெர்மன் மொழித் திரைப்படத்தில் அதுவே தண்டனை. இரவு உணவுக்குத் தாமதமாக வந்த மகளையும் மகனையும் பாதிரியாரான தந்தை பிரம்பால் அடிக்கிறார். தூய்மையை நினைவூட்ட மகளின் கூந்தலிலும் மகனின் கையிலும் வெள்ளை ரிப்பன் கட்டப்படுகிறது. அடிப்பது தமக்கே வேதனை என்கிறார் அவர். அதை நம்பியே சொல்கிறார் என்பதுதான் அச்சமூட்டுகிறது.

1913 ஜூலை முதல் 1914 ஆகஸ்ட் வரை, முதல் உலகப்போருக்கு முந்தைய ஓராண்டில், வட ஜெர்மனியின் ஒரு கற்பனைக் கிராமத்தில் கதை நடக்கிறது. படம் கறுப்பு வெள்ளை. கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. மருத்துவரின் குதிரை, யாரோ கட்டிவைத்த கம்பியில் இடறி விழுகிறது. பண்ணையாரின் சிறு மகன் அடித்துக் கட்டிப்போடப்படுகிறான். செய்தவர் யார் என்று படம் இறுதிவரை சொல்வதில்லை.

கதையைச் சொல்பவர் அவ்வூர் ஆசிரியர். பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் பாதிரியாரின் மகன் நடப்பதைப் பார்த்துப் பதறி ஓடுகிறார். கடவுள் தன்னைக் கொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்கிறான் சிறுவன். பிற்பாடு பிள்ளைகள் மேல் எழுந்த ஐயத்தை ஆசிரியர் பாதிரியாரிடம் சொல்ல, மிரட்டல்தான் கிடைக்கிறது. ஊர்ப் பெரியவரை எதிர்த்துப் பேசிப் பழகாத எந்த ஆசிரியருக்கும் இந்தக் காட்சி உறைக்கும்.

நம்மூர்ப் படம் ஒன்று இதற்கு நெருங்கிய உறவு. நெல்லைச் சீமை எழுத்தாளர் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ கதையிலிருந்து மகேந்திரன் உருவாக்கிய ‘உதிரிப்பூக்கள்’ (1979). சுந்தரவடிவேலு மனைவியையும் இரு பிள்ளைகளையும் வதைப்பவன். பொறுமை இழந்த ஊரார் கடைசியில் அவனை ஆற்றில் இறங்க வைக்கிறார்கள். நல்லவர்களான உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே என்பதுதான் அவனது கடைசி வருத்தம். இரு படங்களும் சந்திக்கும் இடம் அது: வீட்டுக் கொடுமை வீட்டோடு நிற்பதில்லை.

‘வெள்ளை ரிப்பன்’ வெளிவந்த அதே 2009இல்தான் நம் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பு போய்விட்டது, ரிப்பன் போய்விட்டதா? வகுப்பில் எல்லோர் முன்னும் ஒட்டப்படும் பட்டப்பெயரும் ரிப்பன்தான். சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி வீட்டுப் பிள்ளையைச் சேர்க்க வந்தாலும், மானாவாரிக் காட்டுப் பிள்ளையைச் சேர்க்க வந்தாலும், “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்” என்று உரிமையோடு சொல்லும் பெற்றோர் இன்றும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு அதைவிட வேறு தடயம் வேண்டுமா? 1098 என்ற எண்ணைக் கரும்பலகையோரம் எழுதிவைப்பதோடு, அந்தப் பெற்றோரை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசுவதும் நம் வேலை.

இது மாணவர்களுக்குத் திரையிடும் படமல்ல. குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்கள் மட்டும் பார்க்கலாம். பாதிரியாரின் கடைக்குட்டி, காயம்பட்ட பறவையொன்றை வளர்க்கிறான். தந்தையின் வளர்ப்புப் பறவை இறந்தபின், அவர் சோகமாக இருக்கிறாரே என்று தன் பறவையை அவரிடம் கொடுக்கிறான். படத்தை அங்கே நிறுத்துங்கள். அந்தச் சிறுவனின் கையில் இன்னும் ரிப்பன் ஏறவில்லை. நம் வகுப்பில் அவன் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று பேசத் தொடங்கலாம்.