கரையலையின் முன்னறிவிப்பும் கரையோரத்தாரின் உதவிப் படையும்

புனே நகரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், சகியாத்திரி மலைத்தொடரின் கிழக்குப் புறத்தே அமைந்துள்ளது. எனினும், இந்தியக் கடல்களைப் பற்றிய ஏடுகளில் கணிசமான பகுதி இந்நகரில்தான் சேர்ந்து கிடக்கின்றது. 1928ஆம் ஆண்டில் வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் சிம்லாவிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. 1944இல் தலைமையகம் புதுடில்லிக்குச் சென்ற பின்னரும், கப்பல் மாலுமிகள் பயணத்தின்போது எழுதிவைக்கும் காற்று, அழுத்தம், அலை ஆகியவற்றின் குறிப்புகள் புனேயிலேயே தொகுக்கப்பட்டு வருகின்றன. 1962இல் தோன்றிய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் உள்ளது. அதன் ‘அர்க்கா’ என்னும் பெருங்கணிப்பொறி 2024 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. நகருக்கு அருகே கடக்வாஸ்லாவில், 1916இல் நிறுவப்பட்ட மத்திய நீர் மின் ஆராய்ச்சி நிலையத்தில், துறைமுகங்களின் சிறு மாதிரிகளைக் கட்டி, பொறிகளால் அலை எழுப்பிச் சோதிக்கின்றனர். நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில் காலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே, 18 வினாடிக்கு ஒருமுறை வரும் கடலலை அங்கே 1.8 வினாடிக்கு ஒருமுறை வரும். மலைக்கு அப்பாலிருந்து கடலைக் கணக்கிடுவது எவ்வாறு இயலும் என்று ஐயுறும் மாணவனுக்கு, ஆசிரியர் இந்த ஓர் உதாரணத்தைக் காட்டலாம்.

கரையில் நாம் காணும் அலைகள் இருவகைப்படும். அருகில் வீசும் காற்று எழுப்பும் அலை குறுகியது, ஒழுங்கற்றது; காற்று அடங்கினால் தானும் அடங்கும். மற்றொரு வகை, எங்கோ தொலைவில் புயற்காற்றால் எழுந்து, அக்காற்றை விட்டுப் பிரிந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் உருண்டு வருவது. இதனை இக்கட்டுரையில் நெடிய அலை என்போம். அடுத்தடுத்த இரண்டு முகடுகள் ஓரிடத்தைக் கடக்கும் இடைவேளைக்கு அலைவு நேரம் என்று பெயர். காற்றலைக்கு இது பெரும்பாலும் 4 முதல் 8 வினாடி. நெடிய அலைக்கு 12 முதல் 20 வினாடி, சிற்சில சமயம் அதற்கும் மேல்.

அலைவு நேரம் ஒன்றை அறிந்தால் ஏனையவற்றைக் கணக்கிட்டு அறியலாம். ஆழ்கடலில் அலைநீளம், வினாடியில் கூறிய அலைவு நேரத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கிய மீட்டர் ஆகும். 8 வினாடி அலையின் நீளம் 100 மீட்டர். 18 வினாடி அலையின் நீளம் 505 மீட்டர். அலைக்கூட்டம் தன் ஆற்றலைச் சுமந்து செல்லும் வேகம், அலைவு நேரத்தை 0.78ஆல் பெருக்கினால் கிடைக்கும். 18 வினாடி அலைக்கு அது வினாடிக்கு 14 மீட்டர், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,210 கிலோமீட்டர். தனி முகடு இதைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓடும். ஆனால் அது கூட்டத்தின் பின்புறத்தில் தோன்றி முன்புறத்தில் மறைந்துவிடுகின்றது. இதை வகுப்பில் சொல்லால் விளக்குவது கடினம். ஒரு குளத்தில் கல்லெறிந்து, வட்டங்களின் வெளிவிளிம்பைக் கூர்ந்து நோக்கச் செய்தால் மாணவர் தாமே கண்டுகொள்வர்.

நீண்ட அலைவு நேரமுடைய அலை விரைந்து வருவதால், புயலின் செய்தியை முதலில் கொண்டுவருவதும் அதுவே. 8,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரே சமயத்தில் எழுந்த அலைகளுள், 20 வினாடி அலை சுமார் 6 நாளில் கரை சேரும். 16 வினாடி அலை அதற்கு ஒன்றரை நாள் பின்தங்கி வரும். இதைத் திருப்பிப் போட்டால், கரையிலிருந்தே புயலின் தூரத்தை அளக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது படையிறக்கத்துக்கு ஏற்ற நாளைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு, சுவெர்ட்ரூப், வால்டர் மங்க் என்னும் இரு கடலியலார் கரையலை முன்னறிவிப்பு முறையை வகுத்தனர். பின்னர் 1963இல் மங்க்கும் அவருடைய கூட்டாளிகளும், தென் துருவத்தை அடுத்த கடற்புயல்களின் அலைகள் பசிபிக் பெருங்கடல் முழுவதையும் கடந்து அலாஸ்கா வரை செல்வதை வழியெங்கும் கருவி வைத்துத் தொடர்ந்து அளந்தனர். இன்று அலைச்சறுக்கு விளையாட்டினர் காலையில் எழுந்ததும் பார்க்கும் அலை அறிக்கை, போர்க்காலத்தில் பிறந்த இந்தக் கணக்கின் வழிவந்ததே.

நம் நாட்டுக்கு இதனால் வரும் பயன் விளையாட்டோடு முடிவதன்று. தென்னிந்தியப் பெருங்கடலுக்கும் கேரள, கன்னியாகுமரிக் கரைகளுக்கும் இடையே குறுக்கிடும் நிலமில்லை. 2024 மார்ச் மாதக் கடைசி வாரத்தில், இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் வீசிய கடுங்காற்று 11 மீட்டர் உயர அலைகளை எழுப்பியதென்று ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அறிவித்தது. அவ்வலைகள் மார்ச் 31ஆம் நாள் கேரளக் கரையை அடைந்து, வீடுகளுக்குள் நீரைப் புகுத்தின. அன்று அக்கரையில் புயலில்லை, மழையுமில்லை. எவ்வித அறிகுறியுமின்றித் திருடனைப் போல் வருவதால் மலையாள மீனவர் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். 2012இல் யுனெஸ்கோ இச்சொல்லை அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. விஞ்ஞானிகள் புதுச்சொல் தேடி அலைந்து கடைசியில் மீனவரின் சொல்லையே எடுத்துக்கொண்டது பொருத்தமே.

ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளுள் நெடியது ஏன் அதிகத் தீங்கு செய்கின்றது? மணற்சரிவில் நீர் ஏறும் உயரம், அலை உயரத்தையும் அலைநீளத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள 6 வினாடி அலையையும், அதே உயரமுள்ள 18 வினாடி அலையையும் ஒப்பிட்டால், பின்னதன் நீளம் ஒன்பது மடங்கு; ஆகவே அது மூன்று மடங்கு உயரம் ஏறவல்லது. அறிக்கையில் ‘அலை உயரம் ஒன்றரை மீட்டர்’ என்பதை மட்டும் படித்து, அது சிறிது என்று எண்ணுபவர் ஏமாறுவர். அறிக்கையில் கூறும் உயரம் மிகப்பெரிய அலையின் உயரமன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரி அது. நூறு அலைகளில் ஒன்று அதற்கு ஒன்றரை மடங்கு வரை எழும். நெடிய அலைகள் கூட்டங்கூட்டமாக வருவதால், பெரிய ஐந்தாறு அலைகள் ஓய்ந்தபின் சில நிமிடங்கள் கடல் அமைதியாக இருக்கும். அவ்வமைதியை நம்பிப் பாறையில் ஏறியவர் பலர். 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவம் பயின்ற ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அந்நாட்களில் அக்கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது.

பெருங்கடலுக்குரிய கணக்கு எத்துணைச் செம்மையாயினும், ஒரு குறிப்பிட்ட துறையில் அலை எவ்வாறு உடையும் என்பதை அது தானே சொல்லிவிடாது. அலை, தன் நீளத்தில் பாதியளவு ஆழமுள்ள இடத்தில் தரையை உணரத் தொடங்குகின்றது. அங்கிருந்து வேகம் குறைந்து, வளைந்து, உயர்கின்றது. 18 வினாடி அலை 250 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரும். மேடான பாறையை நோக்கி அலைகள் குவியும்; பள்ளத்தின் மேல் விரியும். அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒன்றில் படகு இறக்க முடியாதபோது மற்றதில் குழந்தைகள் குளிப்பது இதனாலேயே. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்குத் தெற்கிலிருந்து வரும் நெடிய அலைகளை இலங்கைத் தீவு பெருமளவில் தடுக்கின்றது. பாக் நீரிணையின் கரை அந்நிழலிலேயே கிடக்கின்றது. சென்னைக்குத் தெற்கே கோவளம், மாமல்லபுரம் கரைகளுக்குத் தீவின் கிழக்குப் புறமாக வருபவை மட்டும் எட்டும். கோவளத்தில் மீனவ இளைஞர் அலைச்சறுக்கு கற்று, பிறருக்கும் கற்பிக்கின்றனர். அவ்விடத்து அலை, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் உடையுமென்பது அவர்களுக்கு மனப்பாடம்.

கரையோரக் களப்பணியாளர் இதற்குத் துணைசெய்ய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைக்கடிகாரம் போதும். அலை உடையும் இடத்துக்கு வெளியே ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, முதல் முகடு அதனைக் கடக்கும்போது சுழியென எண்ணத் தொடங்கிப் பத்தாம் முகடு வரை ஆகும் வினாடிகளைப் பத்தால் வகுக்க வேண்டும். முதல் முகட்டை ஒன்று என எண்ணுவது பொதுவான பிழை. அதனால் விடை உள்ளதைவிடக் குறைந்துவிடும். நாள்தோறும் ஒரே நேரத்தில் மும்முறை எண்ணிச் சராசரியைக் குறித்துவர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை 20 வினாடியும், சனிக்கிழமை மாலை 16 வினாடியும் கிடைத்தால், இடைவெளி 36 மணி நேரம். அதாவது 1,29,600 வினாடி. அதை 0.78ஆல் பெருக்கி, பதினாறில் ஒன்றுக்கும் இருபதில் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடாகிய 0.0125ஆல் வகுத்தால், புயலின் தூரம் 8,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமென்று விடை வரும். எட்டாம் வகுப்பு மாணவன் செய்யத்தக்க கணக்கு இது.

முன்னறிவிப்பு கரையை வந்தடைந்த வரலாற்றில் புதுவை வட்டாரத்துக்குத் தனியிடம் உண்டு. 1990களின் இறுதியில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள கிராமங்களில் தகவல் நிலையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை கணித்து வெளியிட்ட அலை உயரத்தை நாள்தோறும் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் ஆழிப்பேரலைச் செய்தியைச் சொன்னார். ஊர் நிலையத்தின் ஒலிபெருக்கி முழங்க, சுமார் 3,600 மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். ஆழிப்பேரலை காற்றலையன்று, அதன் கணக்கு வேறு. ஆயினும் அலைச்செய்திக்கென அமைந்த ஒலிபெருக்கியும், அதைக் கேட்டுப் பழகிய செவியும் அன்று ஆயத்தமாக இருந்தன. இதற்கு மாறாக, 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் வலுத்தபோது, ஆழ்கடல் சென்றிருந்தவருக்குச் செய்தி எட்டும் வழியே இல்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். தேடுவதற்குக் கரையோர ஊரார் தம் படகுகளையே எடுத்துச் சென்றனர். செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கு எச்சரிக்கை அனுப்பும் ‘ஜெமினி’ என்னும் கருவி 2019இல் வந்தது.

அலையைப் படிக்கத் தெரிந்தவர் இடர்க்காலத்தில் முன்னே நிற்பது உலகெங்கும் காணப்படுவது. சுமத்ராவுக்கு மேற்கேயுள்ள மெந்தாவாய்த் தீவுகளுக்கு அலைச்சறுக்குக்காகச் சென்ற நியூசிலாந்து மருத்துவர் ஒருவர், தீவு மக்களின் நோயைக் கண்டு 2000ஆம் ஆண்டில் ‘சர்ஃப்எய்டு’ என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 2010 அக்டோபரில் அத்தீவுகளை ஆழிப்பேரலை தாக்கியபோது, விளையாட்டினரை ஏற்றிச்செல்லும் படகுகள் உதவிப் பொருள்களைச் சுமந்தன.

நமக்கு நெருங்கிய சான்று கேரளம். 2018 ஆகஸ்ட் நடுவில் செங்ஙன்னூர், ஆரன்முளை முதலிய ஊர்கள் மூழ்கியபோது, கொல்லம், திருவனந்தபுரம் கரைகளிலிருந்து மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி இரவோடிரவாக உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். ஏறத்தாழ 4,500 பேரும் 669 படகுகளும் சேர்ந்து 65,000 மக்களை மீட்டதாக அரசுக் கணக்கு. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்திலும் இதுவே நிகழ்ந்தது. அலை உடையும் கரையிலிருந்து இறக்குவதற்கென்றே கட்டிய கண்ணாடியிழைப் படகு தட்டையான அடியுடையது. முழங்காலளவு நீரிலும் மிதக்கும். வெளியே மாட்டிய இயந்திரத்தைத் தடை வந்தால் தூக்கிவிடலாம். அதனினும் மேலாக, ஓட்டுபவர் நீரின் மேற்பரப்பைப் பார்த்தே அடியில் என்ன உள்ளதென்று ஊகிப்பர். ஆயினும் மூழ்கிய மதிற்சுவர்களும் வேலிக்கம்பிகளும் கடலில் இல்லாதவை. பல படகுகள் அவற்றில் மோதி உடைந்தன. வழி காட்ட அந்தந்த ஊரார் ஒருவர் ஏறிய படகுகளுக்கே பயணம் எளிதாயிற்று.

ஆகவே, கரையோர வட்டங்களின் பணியாளர், பருவமழைக்கு முன் தயாரிக்கும் பதிவேட்டில் படகுகளின் எண்ணிக்கையோடு நில்லாமல், ஒவ்வொன்றின் நீளம், இயந்திரத்தின் வகை, அதை ஏற்றத்தக்க லாரி எங்குள்ளது, லாரி கரை வரை வரும் பாதை எது, எரிபொருளை யார் தருவது, உடைந்தால் ஈடு செய்பவர் யார் என்பனவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். உள்நாட்டுப் பணியாளர், பெருக்கெடுக்கும் ஆற்றங்கரை ஊர்களில் மதிற்சுவர், மின்கம்பம், கிணறு ஆகியவை இருக்கும் இடங்களைக் குறித்த ஒரு வரைபடத்தை வழிகாட்ட இசைந்தவரின் பெயரோடு வைத்திருத்தல் வேண்டும். படகு வந்து நின்றபின் அதைத் தயாரிக்க நேரமிராது.