உழவு இயந்திரத்தின் சுக்கான் தளர்ச்சி: காரணத்தை அறிதலும் திருத்துதலும்

நான்கு சில்லு உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர் எஞ்சின் எண்ணெயை மாற்றுவதிலும், காற்று வடியைத் துப்புரவு செய்வதிலும் ஓரளவு கவனஞ் செலுத்துகின்றனர். ஆனால் சுக்கானையும் முன் சில்லுகளையும் தொடுக்கும் மூட்டுகளைப் பற்றி, அவை கழன்று விழும் நாள்வரையில், நினைப்பவர் மிகச் சிலரே. வயலில் உழும்போது சுக்கான் சற்றுத் தளர்ந்திருந்தாலும் வேலை நடந்துவிடும். அதே இயந்திரம் இழுவைப் பெட்டியில் நெல் மூடைகளையோ காய்கறிக் கூடைகளையோ ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வரும்போதுதான் அத்தளர்ச்சி உயிருக்கு ஆபத்தாகின்றது.

சில போகங்களுக்கு முன் வன்னிப் பகுதியில் ஒரு குளக்கட்டின்மேல் நடந்ததை நேரிற் கண்டேன். அறுவடை முடிந்து மூடைகளுடன் வந்த இயந்திரமொன்றின் இடப்பக்கச் சுக்கான் மூட்டு கழன்றது. ஒரு சில்லு நேராக ஓட, மற்றது குறுக்கே திரும்பியது. சாரதி தடுப்பை மிதிக்கு முன் இயந்திரம் கட்டின் சரிவிலே இறங்கிவிட்டது. மட்காட்டின்மேல் அமர்ந்திருந்த பையன் குதித்துத் தப்பினான்; பெட்டி கவிழ்ந்து நெல் குளத்தினுள்ளே போயிற்று. பின்னர் அந்த மூட்டை எடுத்துப் பார்த்தபோது, அது ரியூப் துண்டினாலும் கம்பியினாலும் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அது தேய்ந்துவிட்டதென்பதை ஒருவர் முன்னரே அறிந்திருக்கின்றார் என்பதே இதன் பொருள். மட்காட்டில் ஆளை ஏற்றுவது தகாதென்பதைப் பற்றி வேறாகவே எழுத வேண்டும்.

மோட்டார் காருக்கு முன் சில்லுகளின்மேல் வில்லுகள் உண்டு. பள்ளத்தில் விழும் அதிர்ச்சியிற் பெரும்பகுதியை அவை தாங்கிக்கொள்ளும். எமது வயல்களில் நெடுங்காலமாக உழைத்துவரும் மசி பேர்கசன் 35, 135 போன்ற இயந்திரங்களில் அவ்வாறான வில்லுகள் இல்லை. முன் அச்சு நடுவிலுள்ள ஒரு பின்னின்மேல் ஊஞ்சற் பலகைபோல் ஏறியிறங்குகின்றது, அவ்வளவே. வரம்பைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி நேரே நடுப்பின்னுக்கும், சில்லைத் தாங்கும் ஸ்பின்டிலுக்கும், பந்து மூட்டுகளுக்கும் செல்கின்றது. சேற்றுழவின்போது இம்மூட்டுகள் சேற்றுநீரில் அமிழ்கின்றன. றப்பர் உறை வெடித்திருந்தால் கிறீஸ் வெளியேறி, மண் உள்ளே புகும். கிறீசும் மண்ணுங் கலந்த குழம்பு இரும்பை அரம்போல அராவிவிடும்.

தளர்ச்சியைச் சோதிக்க, இயந்திரத்தைச் சமமான கெட்டி நிலத்தில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, முன் சில்லுகளை நேராக வையுங்கள். சுக்கானை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். பழைய இயந்திரத்தில் ஓரிரு அங்குலம் வெறுமனே அசைவது வியப்பன்று. ஒரு சாண் அளவு சுழன்றும் சில்லு அசையாவிடின், அவ்வியந்திரத்தைத் தெருவில் ஓட்டலாகாது.

இவ்விடத்திலேதான் பலரும் தவறுகின்றனர். சுக்கான் தளர்ந்ததும் சுக்கான் பெட்டியிலுள்ள திருகாணியை இறுக்கிவிடுகின்றனர். ஆட்டம் குறைந்ததுபோலத் தோன்றும். ஆனால் தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும். மேலும், அளவுக்கு மேல் இறுக்கிய பெட்டியினுள்ளே பற்கள் நேரோட்ட நிலையில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். சுக்கான் கனத்து, திரும்பிய பின் தானே நேராகாது. சில மாதங்களில் மூட்டுடன் பெட்டியையும் மாற்ற வேண்டி வரும்.

முதலில் அசைவு எங்கே தொலைகின்றது என்பதைக் காண வேண்டும். இதற்கு இருவர் தேவை. ஒருவர் ஆசனத்திலமர்ந்து சுக்கானைச் சிறிது சிறிதாக இருபுறமும் ஆட்ட, மற்றவர் பெட்டியிலிருந்து சில்லுவரை ஒவ்வோர் இணைப்பாகக் கைவைத்துப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். மேற்சொன்ன இயந்திரங்களில் பெட்டியின் இருபுறமும் ஒவ்வொரு கை இருக்கும். ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு நீண்ட கோல் அவ்வப்பக்கத்துச் சில்லுக்குச் செல்லும். வேறு சில இயந்திரங்களில் ஒரு கோல் மாத்திரம் முன்னே சென்று, இரு சில்லுகளையும் ஒரு குறுக்குக்கோல் இணைக்கும். எதுவாயினும் விதி ஒன்றே: ஓர் இணைப்பின் ஒருபக்கம் அசைந்து மறுபக்கம் அசையாதிருந்தால், தேய்வு அவ்விணைப்பிலேதான். விரலை மூட்டின் இருபகுதியிலும் சேர்த்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். சுக்கான் திரும்பியும் கையே அசையாவிடின் குற்றம் பெட்டியினுடையது. அப்போதும், பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ற்றுகள் தளர்ந்துள்ளனவா என்பதை முதலிற் பாருங்கள்.

அடுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் அச்சின் ஒரு பக்கத்தை ஜக்கினால் உயர்த்துங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல், அச்சின் கீழ் மரக்குற்றியும் வைக்க வேண்டும். மணிக்கூட்டில் 12, 6 இருக்கும் இடங்களிற் சில்லைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் உண்டெனில் அது சில்லுப் பெயாரிங்கிலோ ஸ்பின்டில் புஷ்ஷிலோ இருக்கும். எதிலென்பதை அறிய, மற்றவர் சில்லின் உட்புறம் பார்க்க வேண்டும். ஸ்பின்டில் அசையாமல் சில்லு மட்டும் அசைந்தால் பெயாரிங். ஸ்பின்டிலும் சேர்ந்து அச்சுக்குள் அசைந்தால் புஷ். நடுப்பின்னைச் சோதிக்க, அச்சைத் தாங்கும் முன்பகுதியின் கீழ் ஜக்கை வைத்து, இரு சில்லுகளும் நிலத்தைவிட்டு மட்டுமட்டாகக் கிளம்பும் அளவுக்கு உயர்த்தி, அங்கும் குற்றி வைத்தபின், அச்சை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்.

திருத்தத்தில், சில்லுப் பெயாரிங் இலகுவானது. மூடியைக் கழற்றி, கொட்டர் பின்னை எடுத்து, சில்லைச் சுழற்றியபடியே நட்டை இறுக்குங்கள். சில்லு சற்றுக் கனத்துச் சுழலும்போது நிறுத்தி, பின் நுழையும் அடுத்த துளைவரை நட்டைத் தளர்த்தி, புதிய கொட்டர் பின்னைப் போடுங்கள். ஆணியைப் பின்னாக வளைத்துப் போடும் வழக்கம் கைவிடத்தக்கது. சுழற்றும்போது கரகரப்பு இருந்தால், இறுக்குவதாற் பயனில்லை, பெயாரிங்கை மாற்றுங்கள்.

ஸ்பின்டில் புஷ் மாற்றுவது கடைசல் பட்டறை வேலை. ஆனால் ஸ்பின்டிலை வெளியே எடுத்ததும் நீங்களே நகத்தை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு படியிலே தடுக்கினால் ஸ்பின்டிலும் தேய்ந்துவிட்டது. அதற்குப் புதிய புஷ் போடுவது காசை வீணாக்குவதாகும்.

தேய்ந்த பந்து மூட்டைத் திருத்த முடியாது, மாற்றவே வேண்டும். நட்டைக் கழற்றிய பின் புரியின் தலையில் அடிப்பதால் புரி நசுங்குமேயன்றி மூட்டு கழலாது. கையின் கண்ணுக்கு ஒரு பக்கத்தில் கனத்த சம்மட்டியைத் தாங்கிப் பிடித்து, மறுபக்கத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தால், கூம்புப் பிடி விட்டுவிடும். மூட்டைக் கோலிலிருந்து கழற்றும்போது எத்தனை சுற்று வந்ததென எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். சில முனைகளில் இடப்புரி இருக்கும். திருகு முன் கவனிக்கவும். சுக்கான் கை வளைந்தாலோ வெடித்தாலோ, அதனைச் சூடாக்கி நிமிர்த்துவதும் வெல்டிங் செய்வதும் ஒருபோதும் கூடாது.

மூட்டு மாற்றிய பின் சில்லுகளின் நேரை அளக்க வேண்டும். இரு றிம்களின் முன்விளிம்பிலும் அச்சின் உயரத்திலே சோக்கினால் அடையாளமிட்டு, இடைத்தூரத்தை அளவுங்கள். அடையாளங்கள் பின்புறம் அதே உயரத்துக்கு வரும்வரை இயந்திரத்தை உருட்டி, மீண்டும் அளவுங்கள். முன் அளவு பின் அளவுக்குச் சமமாகவோ சிறிது குறைவாகவோ இருத்தல் வேண்டும். சரியான அளவு உங்கள் இயந்திரத்தின் கைந்நூலில் உள்ளது. முன் அளவு கூடுதலாக இருந்தால், இயந்திரம் தெருவில் அலையும். முன் ரயர்களும் விரைவில் தேயும். இரு கோல்கள் உள்ள இயந்திரத்தில், இரண்டையும் சம அளவே திருக வேண்டும்.

கிறீஸ் செலவு மூட்டின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. சேற்றுழவு நாட்களில் மாலைதோறும் இயந்திரத்தைக் கழுவி, கிறீஸ் நிப்பிள்களைத் துடைத்து, பழைய மண்ணிறக் கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை ஏற்றுங்கள். நிப்பிள் அடைத்திருந்தால், அந்த இடத்தை விட்டுவிடாது, நிப்பிளையே மாற்றுங்கள். நிப்பிள் இல்லாத மூட்டுகளுக்கு றப்பர் உறையே காவல். உறை வெடித்தால் மூட்டின் காலம் எண்ணப்படத் தொடங்கிவிட்டது.

திருத்திய இயந்திரத்தை முதலில் வெறுமையான சமநிலத்தில், பெட்டியின்றி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் வேலைக்குப் பின் கோல்களின் இறுக்கு நட்டுகளையும் கொட்டர் பின்களையும் மறுபடியும் பாருங்கள். தெருவுக்கு ஏறு முன், வயலில் தனித்தனியாக மிதித்த இரு தடுப்பு மிதிகளையும் கொளுவியால் ஒன்றாக இணைத்துக்கொள்ளுங்கள்.