குழந்தையோடு வளரும் பவுன்சர்

குழந்தையைச் சாய்வாக வைக்கும் பவுன்சர் இருக்கை வாங்கும்போது எத்தனை மாதம் வரை என்பதைவிட எத்தனை கிலோ வரை என்று பாருங்கள். சாதாரண வகை பெரும்பாலும் 9 கிலோவோடு சரி; அதற்கு முன்பே குழந்தை தானாக உட்காரத் தொடங்கினால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். பின்னாளில் நாற்காலியாக மாற்றக்கூடியவை சில 18 கிலோ வரை தாங்கும். ஆனால் சாய்ந்த நிலைக்கும் நாற்காலி நிலைக்கும் வரம்பு வேறு. கையேட்டில் இரண்டையும் படியுங்கள். இடுப்பைச் சுற்றியும் கால்களுக்கு இடையிலும் பிடிக்கும் பெல்ட் அவசியம். துணி கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும், பால் கக்காத குழந்தை ஏது? இசை, அதிர்வு எல்லாம் விலையை ஏற்றத்தான். தரையில் மட்டுமே வையுங்கள். மேஜைமேல் வைத்தால் குழந்தை உதைக்க உதைக்க நகர்ந்து விழும். பவுன்சரிலேயே தூங்கிவிட்டால் உடனே தூக்கிச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். சாய்ந்த இருக்கையில் தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சு அடைபடும்.