தாங்கல, சகிக்கல, பொறுக்கல

பி.ஜே. வெயிலோ, ஃபெடரல் ஹைவே நெரிசலோ, நமக்கு வாயில் வருவது 'தாங்கல' ஒன்றுதான். தாங்குவது சுமையை, காவடியைத் தாங்கித்தானே பத்துமலையில் 272 படி ஏறுறோம்! மோசமான பாட்டு 'சகிக்கல'. அதில் அருவருப்பு இருக்கு. அநியாயத்தைப் பார்த்தால் 'பொறுக்கல', அது கோபம். 'பசி தாளாமல்' என்றால் உடம்பில் தெம்பே தீர்ந்துபோச்சு.

'சொல்லொணாத் துயரம்' வேறு ரகம். 'ஒணா' என்றால் இயலாத, சொல்லிலும் அடங்காதது. 1942–43இல் நம் தோட்டத்து ஆட்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. அதற்குரிய சொல் அது. நான் திருத்தும் எஸ்.பி.எம். கட்டுரைகளில் அது நெரிசலுக்கு வருது, தம்பி தங்கைகளே. நெரிசலுக்குத் 'தாங்கல' போதும்.