எரிந்த கற்பூரத்தின் எடை

தீபாராதனை முடிந்து, தட்டில் கற்பூரம் இருந்த இடம் வெறுமையாகத் தெரிகையில், ஒரு சிட்டிகைச் சாம்பல்கூட மிஞ்சாமல் அது அடியோடு அழிந்துபோயிற்று என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் இயல்பாகவே எழுகிறது. பக்தன் அந்தச் சுடரில் தன் அகங்காரம் கரைவதாகக் காண்பது வேறு விஷயம். அந்த உருவகத்தைக் குறைகூற எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால், வஸ்து இல்லாமற் போவதற்குக் கற்பூரமே சாட்சி என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கும்போது, ரசாயன சாஸ்திரத்தின் சார்பில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

எரியும் கற்பூரம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகிறது. இவ்விரண்டும் கண்ணுக்குப் புலப்படாதவை ஆகையால், போனது தெரிகிறதே தவிர, வந்தது தெரிவதில்லை. கணக்கைப் பார்த்தாலோ வியப்பு பெருகுகிறது. 152 கிராம் கற்பூரம் முழுவதும் எரிய 432 கிராம் பிராணவாயு வேண்டும். விளைபவை 440 கிராம் கரியமில வாயுவும் 144 கிராம் நீரும். ஆக, இரு பக்கமும் 584 கிராம். ஒன்றுமில்லாமற் போனதாக நாம் எண்ணிய பொருள், தன் எடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு எடையோடு நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. கரும்புகையாக எழுவது, முழுதும் எரியாமல் தப்பிய கரி.

சந்தேகப்படுவோர், வாயகன்ற கண்ணாடிச் சாடிக்குள் கற்பூரத்தில் ஒரு சிறு துணுக்கை எரியவிட்டு, மேலே ஒரு தட்டை வைத்து மூடி, சுடர் அணைந்து சாடி ஆறியதும், வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து இறுத்த நீரில் இரண்டு கரண்டி ஊற்றிக் குலுக்கிப் பார்க்கட்டும். பளிங்குபோல் இருந்த நீர் பால்போல் வெளுக்கும். கற்பூரத்திலிருந்த கரியணுக்கள் வாயுவாகிச் சுண்ணாம்போடு சேர்ந்த அடையாளம் அது.

எரியும் பொருளிலிருந்து ‘பிளாஜிஸ்டன்’ என்றொரு சூட்சும வஸ்து வெளியேறுகிறது என்று ஐரோப்பியப் பண்டிதர்களே ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். பிரான்ஸ் தேசத்து லவாய்சியர் 1774-இல் வெள்ளீயத்தை வாய் அடைத்த கண்ணாடிக் கலத்தில் காய்ச்சி, முன்னும் பின்னும் நிறுத்து, மொத்த எடையில் மாற்றமில்லை என்று கண்டார். கலத்தைத் திறந்த பிறகே, காற்று உள்ளே பாய்ந்து எடை கூடிற்று. தராசின் மேல் அவர் வைத்த நம்பிக்கைக்கு ரசாயனம் பட்டிருக்கும் கடன் பெரிது.

டப்பாவில் வைத்த கற்பூரம் நாளடைவில் இளைப்பதையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே புதுப் பொருள் எதுவும் உண்டாவதில்லை. திடமாக இருந்தது, திரவமாகாமலே ஆவியாகிறது. பதங்கமாதல் என்பது இதுதான். மூடியின் உட்புறத்தில் மினுக்கும் பொடிப் படிகங்களை விரலால் வழித்து முகர்ந்தால், அதுவும் கற்பூரமே. நாலு மிளகைப் போட்டுவைத்தால் கரையாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காப்பது மிளகன்று, மூடி. மூடி இறுகியிருந்தால், டப்பாவுக்குள் ஆவி நிரம்பியபின், எழுவது எவ்வளவோ அவ்வளவும் திரும்பிப் படிகிறது. மூடி தளர்ந்திருந்தால், எத்தனை மிளகு போட்டாலும் கற்பூரம் காற்றோடு போய்க்கொண்டேதான் இருக்கும்.